சிசி 7107: ஒரு பிரெஞ்சு மின்சார ரயில் என்ஜினும் அதன் சிறிய மாதிரியும்

சிசி 7107 என்பது பிரான்சு நாட்டின் தேசிய ரயில்வே நிறுவனமான எஸ்.என்.சி.எஃப். இயக்கிய மின்சார ரயில் என்ஜின்களுள் ஒன்று. 1955ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கிலுள்ள லாந்த் பகுதியில் நடந்த வேகச் சோதனையில் இது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. மறுநாள் பிபி 9004 என்ற இன்னொரு என்ஜின் அதே பாதையில் ஓடியது. இந்த இரு நாட்களால்தான் இவ்விரண்டும் உலகெங்கும் அறியப்பட்டன. மாதிரி ரயில் சேகரிப்போரிடையே இவற்றுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சிறிய மாதிரி. பிரான்சில் வேலை செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு எதைக் கொடுப்பது என்று யோசித்து இதைக் கொண்டுவந்திருந்தார். நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். பச்சை வண்ணம், பக்கவாட்டில் மெல்லிய உலோகக் கோடுகள், முகப்பில் எண் பலகை. கூரையில் மடக்கி விரிக்கக்கூடிய இரண்டு மின்பற்றிகள். நம் ஊர் ரயில்வேக்காரர்கள் பாண்டோகிராப் என்று சொல்வார்களே, அவைதான். கூடவே மடித்து வைத்த ஒரு தாள். அதில் "மணிக்கு 331 கி.மீ." என்று அச்சிட்டிருந்தது.

அந்த எண்ணை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பொது அறிவுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்தபோது குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆனால் சிசி 7107 என்ற என்ஜின் 331 கி.மீ. வேகத்தில் ஓடவே இல்லை. அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் அந்த என்ஜின் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எண் பலகையைப் படிப்பது எப்படி?

பிரெஞ்சு மின் என்ஜினின் பெயரில் தேவையற்ற எழுத்து எதுவும் இல்லை. எழுத்துகள் சக்கரங்களின் அமைப்பைக் காட்டுகின்றன. ஒரு சட்டத்தில் மோட்டாரால் சுழலும் அச்சுகள் இரண்டு இருந்தால் 'பி', மூன்று இருந்தால் 'சி', நான்கு இருந்தால் 'டி'. மோட்டாரால் சுழலாமல் வெறுமனே பாரம் தாங்கும் அச்சுகள் எழுத்தால் அல்லாமல் எண்ணால் குறிக்கப்படும். ஆகவே 'சிசி' என்றால் மும்மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு சட்டங்கள், ஆறு அச்சுகளும் இழுப்பவை. '2டி2' என்றால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு சும்மா உருளும் அச்சுகள். நடுவில் நான்கு மட்டும் இழுப்பவை.

இந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'போகி' என்று பெயர். நம் ஊரில் போகி என்றால் பெட்டியையே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் போகி என்று வரும் இடமெல்லாம் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தைத்தான் குறிக்கும்.

அடுத்து வரும் எண்ணும் செய்தி சொல்லும். 10,000க்குக் கீழே இருந்தால் நேர்மின்னோட்டத்தில் ஓடும் என்ஜின். 10,000களில் இருந்தால் மாறுமின்னோட்டம். 20,000கள் இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடுபவை. 40,000கள் நான்கு வகை மின்சாரத்திலும் ஓடி நாட்டின் எல்லைகளைத் தாண்டிச் செல்பவை. எனவே 7107 என்ற எண்ணைப் பார்த்ததும், இது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது என்று சொல்லிவிடலாம். பிரான்சு அந்த மின்னழுத்தத்தைத் தன் பொது அளவாக 1920இல் தேர்ந்தெடுத்தது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, அந்த மீட்டர்கேஜ் பாதையின் மேல் சென்றதும் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம்தான்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சில் ரயில் பாதைகளும் பாலங்களும் பெருமளவில் சிதைந்து கிடந்தன. நிலக்கரிக்குத் தட்டுப்பாடு. ஆனால் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலும் ரோன் ஆற்றிலும் நீர்வீழ்ச்சி இருந்தது. ரோன் ஆற்றின் மீது ழெனிசியா அணை 1948இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நாட்டின் முதன்மைப் பாதையான பாரிஸ்–லியோன் பாதையை மின்மயமாக்குவது என்ற முடிவு இந்தச் சூழலில்தான் வந்தது. 1952இல் பணி முடிந்தது.

அந்தப் பாதைக்கு முதலில் கட்டப்பட்டவை 2டி2 9100 வகை என்ஜின்கள். நம்பகமானவை, வலிமையானவை. ஆனால் ஒவ்வொன்றும் 144 டன் எடை. எட்டு அச்சுகளில் நான்கு மட்டுமே இழுத்தன. மீதி நான்கும் பாரத்தைத் தாங்கி, வளைவில் வழிகாட்டிச் செல்ல மட்டுமே. வேகமாக ஓடும் என்ஜினுக்கு முன்னால் இப்படி வழிகாட்டும் சக்கரங்கள் கட்டாயம் வேண்டும் என்பது நீராவிக் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அது தேவையா என்று கேள்வி எழுப்பியவர்கள் எஸ்.என்.சி.எஃப். பொறியாளர்கள். இழுக்காத சக்கரம் எதற்கு? முழு எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேல் இருந்தால், குறைந்த எடையிலேயே அதே பிடிப்புக் கிடைக்குமே!

1949இல் அல்ஸ்தோம் நிறுவனம் சிசி 7001, சிசி 7002 என்று இரண்டு சோதனை என்ஜின்களைக் கட்டிக் கொடுத்தது. அவை நன்றாக ஓடியதால், 1952 முதல் 1955 வரை சிசி 7101இலிருந்து 7158 வரை 58 என்ஜின்கள் வந்தன. எடை 107 டன். ஆறு அச்சுகளுக்கும் தனித்தனி மோட்டார். வழக்கமான ஓட்டத்தில் உச்ச வேகம் மணிக்கு 150 கி.மீ. பழைய 2டி2 வகையோடு ஒப்பிட்டால் 37 டன் இரும்பு மிச்சம். அந்த மிச்சத்தைக் கூடுதல் பயணிகளாக இழுக்கலாம். இதே வடிவமைப்பின் வழியில் நெதர்லாந்தில் 1300 வகையும், ஸ்பெயினில் 276 வகையும் உருவாயின. ஸ்பெயினில் மட்டும் 136 என்ஜின்கள்.

1954 பிப்ரவரி 21 அன்று சிசி 7121 என்ற என்ஜின் திழோனுக்கும் போனுக்கும் இடையே மணிக்கு 243 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அது பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சாதாரண என்ஜின் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இன்னும் எவ்வளவு போகலாம் என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

லாந்த் பாதையில் இரண்டு நாட்கள்

பொர்தோவிலிருந்து தாக்ஸ் செல்லும் பாதை லாந்த் பகுதியின் பைன் காடுகளுக்கு நடுவே, தட்டையான மணல் நிலத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் செல்கிறது. லாமோத்துக்கும் மோர்சென்ஸுக்கும் இடைப்பட்ட பகுதி சோதனைக்குத் தேர்வானது. மின் இழுவைப் பிரிவில் பணியாற்றிய பொறியாளர் ஃபெர்னான் நூவியோன் இந்தச் சோதனைகளுக்கு உயிர்நாடியாக இருந்தார்.

இரண்டு என்ஜின்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒன்று ஆறு அச்சுகளும் 107 டன் எடையும் கொண்ட அல்ஸ்தோமின் சிசி 7107. மற்றது ழெமோன்–ஷ்னைதர் குழுவின் தயாரிப்பான பிபி 9004. அதற்கு நான்கே அச்சுகள். எடையும் ஏறக்குறைய 80 டன்தான். ஒன்று தேர்ந்த வடிவமைப்பு, மற்றது அடுத்த தலைமுறைக்கான சோதனை. இரண்டு வேறு தொழிற்சாலைகள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

என்ஜின்களின் பல்சக்கர விகிதம் வேகத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டது. பின்னால் மூன்று பெட்டிகள் மட்டும் கோக்கப்பட்டன. கடைசிப் பெட்டியின் பின்புறத்தில், காற்றின் இழுப்பைக் குறைக்க மழமழப்பான கூம்பு வடிவ மூடி பொருத்தப்பட்டது. மேல்கம்பியின் மின்னழுத்தமும் வழக்கமான 1,500 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தப்பட்டது.

மார்ச் 28 அன்று சிசி 7107 ஓடியது. 29 அன்று பிபி 9004 ஓடியது. இரண்டு நாளும் பெரிய தொல்லையாக இருந்தது மின்பற்றிதான். அந்த வேகத்தில் கம்பியோடு உரசிச் செல்லும் மின்பற்றி சற்றே விலகினாலும் இடையில் பொறி பறக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் பெரும் ஆற்றலை இழுக்க வேண்டுமானால் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியராக இருந்தாக வேண்டும். அவ்வளவும் ஒரு சிறு தொடுபரப்பின் வழியாக இறங்க வேண்டும். மின்பற்றி சூடேறி உருகத் தொடங்கியது. கூரைக்கு மேல் தீக்கொழுந்து போன்ற மின்வில் தெரியும் நிழற்படத்தை ரயில் வரலாற்று நூல்களில் காணலாம்.

இன்னொரு நிழற்படமும் உண்டு. அது அப்போது வெளியிடப்படவில்லை. பிபி 9004 கடந்து சென்ற பின், சில இடங்களில் தண்டவாளம் நேராக இல்லை. பாம்பு ஊர்ந்த தடம்போல் இடமும் வலமும் வளைந்து கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தப் படம் வெளியே வந்தது. ரயில் தடம் புரளாமல் நின்றது பெரும் அதிர்ஷ்டம் என்றுதான் அதைப் பார்க்கும் யாரும் நினைப்பார்கள்.

தண்டவாளம் ஏன் வளைந்தது?

இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். தேநீர் குடிக்கும் காகிதக் குவளைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். நடுப்பகுதி பெருத்தும் இரு முனைகள் சிறுத்தும் இருக்கும். இரண்டு நீண்ட குச்சிகளை இணையாக வைத்துச் சற்றே சரித்து, அதன் மேல் குவளைகளை உருட்டிவிடுங்கள். கோணலாக வைத்தாலும் அது கீழே விழாது. ஒரு பக்கம் விலகினால் அந்தப் பக்கக் குச்சியின் மேல் பெரிய சுற்றளவு வரும். அந்தப் பக்கம் வேகமாக உருண்டு, தானே நடுவுக்குத் திரும்பும். திரும்பும் வேகத்தில் மறுபக்கம் விலகும். மறுபடி திரும்பும்.

ரயில் சக்கரமும் இப்படித்தான். அதன் உருளும் பரப்பு உருளை வடிவமல்ல, மிக மெல்லிய கூம்பு. இதனால்தான் ரயில் நேர்ப்பாதையில் தானே நடுவில் நிற்கிறது. ஆனால் அந்த இடவலம் அசைவு எப்போதும் இருக்கும். சாதாரண வேகத்தில் விற்சுருள்களும் உராய்வும் அதை அடக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காது, வளரும். சக்கரத்தின் விளிம்பு ஒரு தண்டவாளத்தில் இடித்து, எதிர்த் தண்டவாளத்தில் இடித்து, பல டன் விசையோடு பாதையையே நகர்த்திவிடும். லாந்த் பகுதியில் நடந்தது அதுதான்.

எனவே 1955இன் சோதனை இரட்டைப் பாடம் தந்தது. 300 கி.மீ.க்கு மேல் செல்ல இழுவை ஆற்றல் இருக்கிறது. ஆனால் போகியின் அசைவையும் மின்பற்றியையும் சரிசெய்யாமல் அந்த வேகத்தில் பயணிகளை ஏற்ற முடியாது. பிரான்சில் பயணிகள் ரயில் மணிக்கு 200 கி.மீ.யைத் தொட்டது 1967இல், பாரிஸ்–துலூஸ் 'கப்பித்தோல்' ரயிலில்தான். அதை இழுத்த பிபி 9200 வகை, பிபி 9004இன் நேர் வாரிசு. 1955இன் வேகத்தைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் முறியடிக்க 26 ஆண்டுகள் ஆயின. 1981 பிப்ரவரி 26 அன்று டி.ஜி.வி. ரயில் மணிக்கு 380 கி.மீ. வேகத்தில் ஓடியது.

331 என்ற எண்

சோதனைகள் முடிந்ததும் எஸ்.என்.சி.எஃப். அறிவித்தது: சிசி 7107 மணிக்கு 331 கி.மீ., பிபி 9004உம் மணிக்கு 331 கி.மீ. இரண்டு வேறு என்ஜின்கள், எடையில் வேறு, அச்சுகளின் எண்ணிக்கையில் வேறு, ஓடிய நாளும் வேறு. வேகம் மட்டும் ஒன்றே. கணக்குப் பாடம் நடத்திய எவருக்கும் இது ஒரு நொடி நெருடியிருக்க வேண்டும். எனக்கு நெருடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் 28ஆம் நாள் சிசி 7107 தொட்ட வேகம் மணிக்கு 326 கி.மீ. 29ஆம் நாள் பிபி 9004 தொட்டது 331 கி.மீ. இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவரையும் தாழ்த்த வேண்டாம் என்று கருதி, சாதனை இருவருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது என்பதே ரயில் வரலாற்றாசிரியர்கள் பொதுவாகத் தரும் விளக்கம். அவர்கள் இருவரும் நாட்டின் ரயில்வேக்கு என்ஜின் கட்டித் தருபவர்கள். வெளிநாடுகளிலும் விற்க வேண்டியவர்கள். 5 கி.மீ. வேறுபாட்டுக்காக ஒருவரின் வணிகம் கெட வேண்டுமா என்று நினைத்திருக்கலாம்.

அந்த ஏற்பாட்டின் பின்விளைவு வேறு மாதிரி அமைந்தது. பங்கிட்ட சாதனையில் சிசி 7107இன் பெயர்தான் பெரும்பாலும் முன்னால் வந்து நின்றது. உண்மையில் அந்த வேகத்தில் ஓடிய பிபி 9004 பல குறிப்புகளில் இரண்டாம் இடத்துக்குப் போனது. சிலவற்றில் காணாமலே போனது. பாதையை வளைத்த ஓட்டமும் அதனுடையது, சாதனையும் அதனுடையது. என்னைக் கேட்டால், இரண்டு என்ஜின்களுக்கும் நியாயம் செய்ய நினைத்து இரண்டுக்கும் அநியாயம் செய்துவிட்டார்கள். 326 கி.மீ. ஒன்றும் சிறிய வேகமல்ல. முந்தைய நாள் வரை உலகில் எந்த மின் என்ஜினும் அதன் அருகில் வந்ததில்லை. அந்த எண்ணை அப்படியே சொல்லியிருந்தாலும் சிசி 7107க்குப் பெருமை குறைந்திருக்காது.

மாதிரியோடு வந்த தாளில் 331 என்ற இடத்தில் பென்சிலால் 326 என்று திருத்தி வைத்திருக்கிறேன். என் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன மாணவர்களிடம் போய்த் திருத்துவதற்கு வழியில்லை.

எண்பத்தேழில் ஒரு பங்கு

இனி மாதிரிக்கு வருவோம். உலகில் மிகுதியாகச் சேகரிக்கப்படும் மாதிரி ரயில் அளவு 'எச்ஓ' எனப்படுவது. 'பாதி சைபர்' என்ற பொருள்படும் சொல்லின் சுருக்கம் அது. அதற்கு முன் பரவலாக இருந்த 'ஓ' அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். உண்மைப் பொருளில் 87 மில்லிமீட்டர் இருந்தால் மாதிரியில் 1 மில்லிமீட்டர். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் உண்மையில் 1,435 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. மாதிரியின் பாதை அகலம் அதுவே. சிசி 7107இன் நீளம் 18.92 மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 217 மி.மீ. என் மேசை மேல் உள்ளதை அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது.

எடைக்கு வரும்போது மாணவர்கள் தவறு செய்வார்கள். 107 டன்னை 87ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு மேல் வருகிறது. கைக்குள் அடங்கும் பொருள் ஒரு டன் இருக்க முடியுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால், எடையை 87ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். அப்போது சுமார் 162 கிராம் வரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் இத்தகைய மாதிரிகள் பல 400 கிராமுக்கும் மேல் எடை உள்ளவை. வேண்டுமென்றே உள்ளே உலோகக் கட்டி வைத்துக் கனமாக்குகிறார்கள். காரணம், 162 கிராம் என்ஜின் பெட்டிகளை இழுக்க முயன்றால் சக்கரம் வழுக்கிச் சுற்றும். உண்மை என்ஜினில் எடையைக் குறைக்கப் பாடுபட்டார்கள்; மாதிரியில் எடையைக் கூட்டப் பாடுபடுகிறார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் தேடுவது ஒன்றே: சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பிடிப்பு.

வேகத்தையும் வகுத்துப் பார்க்கலாம். 331 கி.மீ. என்பது மாதிரியில் மணிக்கு 3.8 கி.மீ., அதாவது நிதானமாக நடக்கும் ஒருவரின் வேகம். நொடிக்கு 106 சென்டிமீட்டர். 326 கி.மீ. என்பது நொடிக்கு 104 சென்டிமீட்டர். எந்த வேறுபாட்டை மறைக்க ஒரு நாட்டின் ரயில்வே இரண்டு எண்களை ஒன்றாக்கியதோ, அது இந்த அளவில் நொடிக்கு ஒரு விரலின் அகலம்.

மாதிரி செய்ய வேண்டிய சமரசங்கள்

மாதிரியை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் சில பொய்கள் தவிர்க்க முடியாதவை. வீட்டு மேசையில் போடும் வட்டப் பாதையின் ஆரம் 36 சென்டிமீட்டர் அளவுக்கும் இருக்கும். 87ஆல் பெருக்கினால் 31 மீட்டர். அப்படிப்பட்ட வளைவில் உண்மையான சிசி என்ஜின் நுழையவே முடியாது. எனவே மாதிரியின் போகி அளவுக்கு மீறித் திரும்பும்படி அமைக்கிறார்கள். நடு அச்சுக்குப் பக்கவாட்டில் அசைய இடம் விடுகிறார்கள். சக்கரத்தின் அகலமும் அப்படியே. ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மோரோப் வகுத்த அளவுகளின்படி அது 2.8 மி.மீ. ஒட்டி இருக்கும். பெருக்கினால் கால் மீட்டருக்கு அருகில் வருகிறது. உண்மைச் சக்கரத்தின் அகலம் அதில் ஏறக்குறைய பாதிதான்.

ஆறு மோட்டார்களுக்குப் பதில் மாதிரியின் நடுவில் ஒரே ஒரு மோட்டார். அங்கிருந்து இரு பக்கமும் தண்டுகள் சென்று போகிகளைச் சுழற்றுகின்றன. மின்சாரம் பெரும்பாலும் மேல்கம்பியிலிருந்து வருவதில்லை. தண்டவாளத்தின் வழியாகவே 12 வோல்ட் வருகிறது. அப்படியானால் உண்மையில் உருகி எரிந்த அந்த மின்பற்றி, மாதிரியில் வெறும் அழகுப் பொருள். மேல்கம்பியைச் சரியான அளவில் செய்தால் தலைமுடியை ஒத்த தடிமன்தான் வரும், தொட்டாலே அறுந்துவிடும்.

பொம்மைக் கடையிலிருந்து

பிரான்சில் இத்தகைய மாதிரிகள் பரவிய வரலாறும் என்ஜினின் வரலாற்றோடு சேர்ந்தே நடந்தது. போருக்கு முன் தகரத்தால் செய்த பெரிய 'ஓ' அளவு ரயில்கள் வசதியுள்ள வீடுகளில் மட்டும் இருந்தன. 1944இல் ழுரா மலைப் பகுதியில் ஷம்பஞோல் என்ற ஊரில் தொடங்கிய ழுவெஃப் நிறுவனம், பின்னர் பிளாஸ்டிக்கில் வார்த்த எச்ஓ ரயில்களைக் குறைந்த விலைக்குத் தந்தது. நாளிதழில் படம் பார்த்த என்ஜினைச் சிறுவர்கள் பிறந்தநாள் பரிசாகக் கேட்கும் நிலை வந்தது. பாரிசை அடுத்த பொபினியில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை 'ஓர்ன்பி–ஆக்கோ' என்ற பெயரில் பிபி 16009 என்ஜினின் மாதிரியை விற்றது. எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டோம் அல்லவா? 16,000 என்றால் மாறுமின்னோட்டம்.

இதில் சிறிய முரண் ஒன்று உண்டு. 1955இல் உலகமே நேர்மின்னோட்ட என்ஜின்களின் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதே எஸ்.என்.சி.எஃப். லூயி அர்மானின் முனைப்பில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும்; கம்பி மெலியும், துணைமின் நிலையங்கள் குறையும். மின்பற்றி உருகிய சிக்கலுக்கு ஒரு பெரும் பங்கு விடை அதில் இருந்தது. இந்திய ரயில்வேயும் 1957இல் எஸ்.என்.சி.எஃப். ஆலோசனையோடு அதே 25,000 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தது. தாம்பரம் பாதையும் 1960களில் 1,500 வோல்ட்டை விட்டு அதற்கு மாறிவிட்டது.

ழுவெஃப் பின்னாளில் கைமாறி, 2004இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனத்திடம் சேர்ந்தது. அந்தப் பெயரில் பிரெஞ்சு என்ஜின் மாதிரிகள் இன்றும் வருகின்றன.

சாதனை படைத்த இரு என்ஜின்களும் பழைய இரும்பாக உடைக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டன. பிபி 9004ஐக் கிழக்குப் பிரான்சின் முலூஸ் நகரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.